இருதயம் தளர்ந்தால் கால்கள் துணை செய்யும்

பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் வழங்கிய ஊருக்கு, 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அங்கும், ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்த கால்கள் அவருடையவை. இன்று படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. “அப்பா, இருதயம் பலவீனமா இருக்கு; அசையாம படுத்திருங்க” என்கிறாள் மகள். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அது சரிதானா?

இருதயத் தளர்ச்சி என்றால் இருதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அது இறைத்துக் கொடுக்க இயலாமல் தளர்ந்திருக்கிறது என்பதே பொருள். மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலியவை இதற்கு முக்கியக் காரணங்கள். நம் நாட்டில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதால், இது நம் வீட்டுக் கதையும் ஆகிறது.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் இந்நோயாளிகளுக்கு ஓய்வையே விதித்தார்கள். பிறகு ஓர் உண்மை புலப்பட்டது. இரத்தம் குறைவதாலும் நடமாட்டம் நின்றுபோவதாலும் கால் தசைகள் மெலிகின்றன. களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் தசைநார்கள் குறைகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, மூளைக்கு அவசரச் செய்தி அனுப்புகிறது, மூச்சு வேகமாகிறது. ஆகவே, மூச்சு வாங்குவதற்கு இருதயம் மட்டுமன்றிக் காலும் ஒரு காரணம். படுக்கப் படுக்கத் தசை மெலியும். மெலிய மெலிய மூச்சு வாங்கும்.

இதற்கு முதல் மருந்து அளவான உடற்பயிற்சியே. நிலையான நோயாளிகள் 2,331 பேரைக் கொண்டு நடத்தி 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு, மேற்பார்வையுடன் தொடங்கும் பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று காட்டியது.

சரி, எழுந்து நிற்கவே முடியாதவர் என்ன செய்வார்? அங்கேதான் மின்சாரம் துணைக்கு வருகிறது.

தசையை மின்சாரத்தால் அசைக்கலாம் என்பது புதிய செய்தியன்று. இத்தாலி நாட்டு கல்வானி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, 1791-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். இன்றைய முறையில், தொடையின் முன்பக்கத்திலும் கெண்டைக்காலிலும் ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, சிறு கருவியிலிருந்து மெல்லிய மின் துடிப்புகளை அனுப்புகிறார்கள். தசை சில விநாடி இறுகும், பிறகு தளரும், மீண்டும் இறுகும். நோயாளி நாற்காலியில் சாய்ந்திருக்க, கால் மட்டும் உழைக்கிறது. சில தசைகளே வேலை செய்வதால் இருதயத்திற்கு அதிகச் சுமையில்லை.

1998-ஆம் ஆண்டு பிரான்சில், நாள்தோறும் ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம் இவ்வாறு செய்து பார்த்து நற்பயன் கண்டார்கள். 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் 46 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்; மற்றவர்களுக்கு மின்தூண்டல் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் இரு பிரிவினரின் கால் வலிமையும் உழைக்கும் திறனும் கூடின.

ஆனால் இந்த ஆய்வுகள் சிறியவை. மின்தூண்டல் தளர்ந்த இருதயத்தைக் குணப்படுத்தாது. ஆயுளை நீட்டும் என்பதும் நிலைநாட்டப்படவில்லை. நடக்கக் கூடியவர் நடப்பதே மேல். நடக்க இயலாதவரை நடைக்குக் கொண்டு சேர்க்கும் பாலம் என்று இதைச் சொல்லலாம்.

சில எச்சரிக்கைகளைக் கேளுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி பொருத்தியிருப்பவர், இருதய மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடவே கூடாது. காலில் இரத்தக்கட்டி, புண் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஒட்டுப்பட்டையை ஒருபோதும் மார்பில் ஒட்டக்கூடாது. நீரிழிவால் கால் மரத்துப் போனவருக்குத் தோல் புண்பட்டாலும் தெரியாது. அவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் கருவி விற்கிறதே என்று தாமாக வாங்கி மாட்டிக்கொள்வது ஆபத்து.

ஆகவே, அடுத்த முறை கிளினிக்கிற்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ போகும்போது, “எனக்கு என்ன பயிற்சி ஏற்றது? பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாய் போன்ற உப்புப் பண்டங்களைக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மகளே, அப்பாவை அசையாமல் படுக்க வைக்காதே. மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவுக்குக் கைபிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு வா. நாளைக்குப் பக்கத்து வீடுவரை போகலாம். ஒரு காலத்தில் குடும்பத்தையே சுமந்த கால்கள் அவை. இன்னும் அவரைச் சுமக்கும்.