எரிவாயுக் குழாயில் அழுத்தம் எகிறும்போது

இயற்கை எரிவாயு கிணற்றிலிருந்து அடுப்புக்கு வந்து சேரும் வழியெல்லாம் அதன் அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பெருங்குழாய்களில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பல நூறு பவுண்டு அழுத்தத்தில் வாயு ஓடுகிறது. நகரத்தின் எல்லையில் அது பல பத்து பவுண்டாக இறங்குகிறது. வீட்டு அடுப்பின் பர்னருக்கோ அரை பவுண்டுகூடத் தேவையில்லை. பழைய நகரங்களின் குறைந்த அழுத்தக் குழாய்களில் அளவு மிகவும் சிறியது என்பதால் அதைப் பவுண்டில் சொல்வதில்லை, நீரின் உயரத்தில் சொல்கிறார்கள். 12 அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர் அடியில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான் அந்தக் குழாய்களின் அழுத்தம்.

இந்த இறக்கத்தைச் செய்யும் கருவி ரெகுலேட்டர். அதன் உள்ளமைப்பு எளிமையானது. நடுவில் ரப்பர் கலந்த ஒரு சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளுகிறது. மறுபக்கம், ரெகுலேட்டரைத் தாண்டிச் சென்ற வாயுவின் அழுத்தம் தள்ளுகிறது. சவ்வோடு இணைந்த வால்வு இரண்டுக்கும் நடுவே அசைகிறது. ஊரில் மாலை நேரத்தில் பல அடுப்புகள் ஒன்றாக எரியத் தொடங்கினால் குழாயில் அழுத்தம் குறையும், ஸ்பிரிங்கின் கை ஓங்கும், வால்வு இன்னும் கொஞ்சம் திறக்கும். அடுப்புகள் அணைந்தால் அழுத்தம் ஏறி வால்வை மூடும். இதற்கு மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். இரவும் பகலும் பல ஆண்டுகள் இப்படியே ஓடும்.

பெரிய ரெகுலேட்டர்களில் அழுத்தத்தை அளக்கும் இடம் ரெகுலேட்டருக்குள் இருப்பதில்லை. வால்வை ஒட்டிய இடத்தில் வாயு சுழன்று கொந்தளிப்பதால் அங்கே எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. எனவே சில அடிகள் தள்ளி, பிரதான குழாயில் ஓட்டம் சீராக இருக்கும் இடத்திலிருந்து விரல் பருமனுள்ள ஒரு சிறு குழாய் ரெகுலேட்டருக்கு இழுக்கப்படுகிறது. ஊருக்குள் உள்ள அழுத்தம் என்ன என்பதை ரெகுலேட்டருக்குத் தெரிவிப்பது இந்த உணர்குழாய்தான். இது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கிடக்கிறது. சாலையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது, பல வரைபடங்களிலும் இருக்காது.

ரெகுலேட்டர் கெடும் வழிகள் பல. முதலாவது தூசு. துருத் துகளோ, வெல்டிங் கசடோ, புதிய பிளாஸ்டிக் குழாயில் துளையிட்டபோது சுருண்டு விழுந்த சீவலோ வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. பகலில் வாயு செலவாகிக்கொண்டே இருப்பதால் இது தெரியாது. இரவில் அடுப்புகள் அணைந்த பிறகு, கசிந்து வரும் வாயுவுக்குப் போக இடமின்றி அழுத்தம் மெல்ல ஏறும். குளிர் நாடுகளில் உறைவும் ஒரு சிக்கல். அழுத்தம் திடீரென இறங்கும்போது வாயு குளிர்ந்துபோகிறது. அதில் ஈரம் கலந்திருந்தால் வால்வின் மேல் பனிக்கட்டி படியும். சவ்வின் மேற்புறம் காற்று வந்துபோக ஒரு சிறு துளை உண்டு. பூச்சிகள் அதற்குள் கூடு கட்டி அடைத்துவிடாதபடி வலை போட்டு வைக்கிறார்கள்.

சவ்வே கிழிந்துவிட்டால் என்ன ஆகும் என்பது ரெகுலேட்டரின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில வகைகள் மூடிக்கொள்ளும். வேறு சில முழுதாகத் திறந்துகொள்ளும். ஆபத்து வந்தால் திறந்துகொள்ளும் கருவியை யார் விரும்புவார்கள் என்று தோன்றலாம். ஆனால் வாயு நின்றுபோவதும் ஆபத்துதான். வாயு நின்றால் ஊர் முழுவதும் ஹீட்டர்களிலும் அடுப்புகளிலும் எரியும் சிறு சுடர்கள் அணையும். பிறகு வாயு திரும்பி வந்தால், சுடர் இல்லாத பர்னர்கள் வழியே அது வீட்டுக்குள் நிறையக்கூடும். அதனால் ஒருமுறை அணைத்த ஊருக்கு மீண்டும் வாயு கொடுக்க வேண்டுமானால் வீடு வீடாகச் சென்று, மீட்டரை மூடி, சோதித்து, பற்றவைத்துவிட்டு வர வேண்டும்.

எனவே எந்த நிலையத்திலும் ஒரே ரெகுலேட்டரை நம்பி விடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வைப்பது வழக்கம். முதன்மையானது வேலை செய்ய, சற்றே கூடுதலான அழுத்தத்துக்கு அமைக்கப்பட்ட மற்றொன்று முழுதாகத் திறந்தபடி காத்திருக்கும். முதலாவது கெட்டு அழுத்தம் ஏறினால் இரண்டாவது பொறுப்பேற்கும். இதற்கு மேலும் காப்பு தேவையென்றால், அளவு மீறிய வாயுவை வானில் வெளியேற்றும் சேஃப்டி வால்வு உண்டு. அல்லது அழுத்தம் எல்லை தாண்டிய கணத்தில் படீரென்று மூடிக்கொண்டு, ஆள் வந்து திறக்கும்வரை திறவாத வால்வு உண்டு.

வீட்டளவிலான சிறு ரெகுலேட்டர்களும் உயிர் குடித்திருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் 2016 ஆகஸ்ட் 10 நள்ளிரவுக்குச் சற்று முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வெடித்து 7 பேர் இறந்தனர். கட்டடத்தின் அடித்தளத்தில் பாதரசம் நிரப்பிய பழைய வகை ரெகுலேட்டர்கள் இருந்தன. இவற்றில் அழுத்தம் கூடினால் வாயு பாதரசத்தைத் தாண்டி, ஒரு வெளியேற்றுக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே போய்விட வேண்டும். அங்கே ஒரு ரெகுலேட்டர் பழுதானது. அதன் வெளியேற்றுக் குழாய் எதனுடனும் இணைக்கப்படாமல் கிடந்தது. வெளியே போக வேண்டிய வாயு மீட்டர் அறைக்குள்ளேயே சேர்ந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து உறுதிசெய்த காரணம் இது.

ஆனால் இத்துறையில் மிகவும் ஆழ்ந்து படிக்க வேண்டிய விபத்தில் எந்த ரெகுலேட்டரும் பழுதாகவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகிய மூன்று ஊர்களில் 2018 செப்டம்பர் 13 மாலை அது நடந்தது. அங்கு வாயு வழங்கியது கொலம்பியா கேஸ் என்ற நிறுவனம். குழாய்கள் 1900களின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட வார்ப்பிரும்பு. 1950களுக்குப் பின் ஆங்காங்கே எஃகும் பிளாஸ்டிக்கும் சேர்க்கப்பட்டிருந்தன. 14 ரெகுலேட்டர் நிலையங்கள் சேர்ந்து இந்த வலைப்பின்னலுக்கு வாயு ஊட்டின. ஒவ்வொன்றும் 75 பவுண்டு அழுத்தத்தை 12 அங்குல நீர் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ அரை பவுண்டுக்கு இறக்கியது. இப்படிப்பட்ட குறைந்த அழுத்த அமைப்பில் வீடுகளின் வாசலில் தனி ரெகுலேட்டர் இருப்பதில்லை. தெருக் குழாயில் உள்ள அழுத்தமே நேராக அடுப்புக்கு வரும்.

லாரன்ஸின் தெற்கு யூனியன் தெருவில் வார்ப்பிரும்புக் குழாயை நீக்கிப் புதிய பாலிஎத்திலீன் குழாயைச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய இரும்பில் கசிவு அதிகம். அதை மாற்றுவது பாதுகாப்புக்காகச் செய்யும் வேலை. அருகே வின்த்ரோப் அவென்யூவில் ஒரு ரெகுலேட்டர் நிலையம் இருந்தது. அதன் உணர்குழாய்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தப் பணியாளர்கள், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைத் திட்டத்தில் இருந்த வரிசைப்படியே, பழைய குழாயைப் பிரித்துத் தனியாக்கினர். உணர்குழாய்களைப் புதிய குழாய்க்கு மாற்ற வேண்டும் என்ற குறிப்பு அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை.

கைவிடப்பட்ட குழாயில் மிச்சமிருந்த வாயு மெல்ல வெளியேறியது. அழுத்தம் வெறும் கால் அங்குல நீர் அளவு இறங்கியதுமே ரெகுலேட்டர்கள் கூடுதலாகத் திறந்தன. வீட்டு மாடியில் உள்ள நீர்த்தொட்டியின் மிதவையைக் கழற்றிப் பக்கத்தில் உள்ள காலி வாளியில் தொங்கவிட்டால், தொட்டி நிரம்பி வழிந்தாலும் வால்வு நீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதுவே இங்கு நிகழ்ந்தது. எவ்வளவு திறந்தாலும் அந்தச் செத்த குழாயில் அழுத்தம் ஏறவில்லை, ஏறவும் முடியாது. ஏறாததால் வால்வுகள் முழுதாகத் திறந்துகொண்டன. 75 பவுண்டு அழுத்த வாயு, அரை பவுண்டுக்காகக் கட்டப்பட்ட குழாய்களுக்குள் பாய்ந்தது. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் என்று வைத்திருந்த இரண்டாவது ரெகுலேட்டரும் அதே செத்த குழாயையே உணர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தே திறந்தன. ஒரே காரணத்தால் இரு காப்புகளும் வீழ்வதைப் பொறியாளர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். ரெகுலேட்டர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் தணிக்கையில் அது பிடிபடாது.

பிற்பகல் 4.04-க்கும் 4.05-க்கும் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த நிறுவனத்தின் கண்காணிப்பு மையத்தில் அழுத்தம் மீறியதாக எச்சரிக்கை ஒலித்தது. அங்கிருந்தவர்களால் அழுத்தத்தைப் பார்க்க மட்டுமே முடியும். எந்த வால்வையும் திறக்கவோ மூடவோ அவர்களுக்கு வசதி கிடையாது. விதிப்படி 4.06-க்கு லாரன்ஸில் உள்ள மீட்டர் மற்றும் ரெகுலேட்டர் பிரிவுக்குத் தகவல் சொன்னார்கள். 4.11-க்கு ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து அவசர உதவிக்கு முதல் அழைப்பு வந்தது. வின்த்ரோப் அவென்யூ நிலையத்தின் ரெகுலேட்டர் மூடப்பட்டபோது மணி சுமார் 4.30. முக்கிய வால்வுகள் எல்லாம் மூடி முடிக்க இரவு 7.24 ஆனது.

அந்த இடைவேளையில் 131 கட்டடங்கள் தீயாலும் வெடிப்பாலும் சேதமடைந்தன. ஒரு வீடு வெடித்தபோது புகைபோக்கி சரிந்து காரின் மேல் விழுந்ததில் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். தீயணைப்பு வீரர்கள் உட்பட 22 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் பற்றும். சாதாரணக் கசிவில் அந்த அளவை எட்டுவதற்குள், வாயுவில் சேர்த்திருக்கும் நாற்றம் எச்சரித்துவிடும். அழுத்தம் எகிறும்போது அந்த அவகாசம் இல்லை. ஏற்கெனவே எரியும் சுடருக்கே வாயு பீறிட்டு வருகிறது, பொருத்துகள் பிதுங்குகின்றன, பற்றவைக்கும் நெருப்பு வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிறது.

நள்ளிரவிலிருந்து விடியும்வரை இரண்டு தொழில்நுட்பப் பணியாளர்களும் இரண்டு மீட்புப் பணியாளர்களும் கொண்ட குழுக்கள் வீடு வீடாகச் சென்று மீட்டர்களை மூடின. வாயு நிறுத்தப்பட்ட இணைப்புகள் 10,894. குழாய்களைப் புதிதாகப் பதித்து வாயு மீண்டும் வந்து சேரும்போது டிசம்பர் பாதி ஆகியிருந்தது. நியூ இங்கிலாந்தின் குளிர்காலத் தொடக்கத்தைப் பல ஆயிரம் குடும்பங்கள் சூடேற்றும் வசதியின்றிக் கழித்தன.

இதையும் விசாரித்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்தான். அந்த விசாரணையில் வெளிவந்த செய்திகளில் மிகவும் வருந்த வைப்பது ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தில் பிரதான குழாயைப் பிரிக்கும் வேலை நடந்தால், மீட்டர் மற்றும் ரெகுலேட்டர் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உடனிருப்பார். குழி தோண்டுபவர்களோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருப்பார். முள் தவறான பக்கம் நகர்ந்தால் உடனே வால்வை மூடிவிடுவார். அந்த வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டிருந்தது. ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டபோது நிறுவனம் விசாரணை வாரியத்துக்கு விளக்கம் எதுவும் தரவில்லை. வேலைத் திட்டத்தின் பரிசீலனையிலும் அந்தப் பிரிவு சேர்க்கப்படவில்லை. உணர்குழாய் எங்கே ஓடுகிறது என்று அறிந்தவர்கள் அந்தப் பிரிவில்தான் இருந்தார்கள். உணர்குழாய்கள் சேதமானால் அழுத்தம் எகிறும் என்று எச்சரிக்கும் குறிப்பை நிறுவனமே 2015-இல் வெளியிட்டிருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது.

2019 செப்டம்பரில் முடிவுற்ற விசாரணை, பொறியியல் மேலாண்மையின் பலவீனத்தை முதன்மைக் காரணமாகச் சொன்னது. போதிய காப்பு இன்றி அமைக்கப்பட்ட குறைந்த அழுத்த வலைப்பின்னலை அடுத்த காரணமாகச் சேர்த்தது. பழைய குழாயின் மரணத்துக்கு முன் உணர்குழாய் இடம் மாற வேண்டும் என்ற ஒரே ஒரு படி திட்டத்தில் இருந்திருந்தால், அந்த மாலை வழக்கமான மாலையாகக் கழிந்திருக்கும். 2020-இல் கொலம்பியா கேஸ் குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5.3 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. மாசசூசெட்ஸில் அதன் தொழில் எவர்சோர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எரிவாயுப் பணிகளின் வரைபடங்களில் உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை இருக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் இயற்றியது. விபத்தில் இறந்த இளைஞரின் பெயராலேயே 2020 டிசம்பரில் கூட்டரசின் சட்டமும் வந்தது. ரெகுலேட்டர் நிலையங்களுக்கு ஒரே நிகழ்வால் தகராத காப்பு வேண்டும் என்பதும், அழுத்தம் மீறக்கூடிய வேலையின்போது தகுதி பெற்ற ஒருவர் அதைக் கண்காணித்து வாயுவை நிறுத்தும் திறனோடு உடனிருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் பரவிவரும் குழாய் எரிவாயு வேறு விதமாக அமைக்கப்படுகிறது. தெருவில் உள்ள பாலிஎத்திலீன் குழாயில் பொதுவாக 4 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அது வீடுகளை நெருங்கும்போது ஒரு ரெகுலேட்டரில் 100 மில்லிபாராகவும், மீட்டரில் மற்றொரு ரெகுலேட்டரில் 21 மில்லிபாராகவும் இறங்கும். கடைசி இறக்கம் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நடப்பதால், ஒரு கருவி கெட்டால் பாதிக்கப்படுவது சில வீடுகளே, ஊர் முழுவதும் அல்ல. இந்தக் காப்புக்கு ஒரு விலையும் உண்டு. எண்ணற்ற சிறு ரெகுலேட்டர்கள் மாடிப்படிகளின் ஓரத்திலும் பால்கனிகளிலும் மழையையும் தூசியையும் தாங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றையும் குறித்த காலத்தில் சோதித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பழைய நகரங்களில் வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. ஆண்டுதோறும் அவை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்படுகின்றன. குறைந்த அழுத்த நிலையங்களில் தானே மூடிக்கொள்ளும் வால்வுகள் சேர்க்கப்பட்டு வருகின்றன. லாரன்ஸில் புதிதாகப் பதித்த பிளாஸ்டிக் குழாய்கள் கூடுதல் அழுத்தத்தில் இயங்குகின்றன. ஒவ்வொரு வீட்டின் மீட்டரருகிலும் இப்போது தனி ரெகுலேட்டர் இருக்கிறது.