குழந்தையும் எண்ணும்: கைப்பொருள் வழிக் கூட்டலும் கழித்தலும்

எண்ணறிவையும் எழுத்தறிவையும் ஒருங்கு வைத்துப் போற்றியது தமிழர் கல்வி மரபு. எனினும், எழுத்தைக் கற்கும் குழந்தை விரைவில் அதனை விரும்பத் தொடங்க, எண்ணைக் கற்கும் குழந்தை பலவேளைகளில் அதனை அஞ்சத் தொடங்குகின்றது. அரிவரி வகுப்பில் நூறு வரை மகிழ்ச்சியோடு ஒப்புவித்த சிறுவன், சில ஆண்டுகள் சென்றபின் "எனக்குக் கணக்கு வராது" எனக் கூறக் கேளாத ஆசிரியர் அரியர். இவ்வச்சத்தைப் பிறவிக் குறைபாடெனக் கருதி விட்டுவிடுதல் எளிது. ஆயின், அது பலரிடத்தும் வேர்கொள்ளுமிடம் கூட்டல் கழித்தல் கற்பிக்கப்படும் முதலாண்டே என்பதை நோக்குங்கால், தொடக்கப் போதனையின் முறையை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

எண்களை ஒப்புவித்தல் வேறு, எண்ணுதல் வேறு. ஒன்று முதல் பத்து வரை பிழையின்றிச் சொல்லும் குழந்தையின் முன் ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னால், ஒன்றை இருமுறை தொடும். மற்றொன்றைத் தொடாது கடந்து செல்லும். எண்ணி முடித்தபின் "எத்தனை?" என வினவினால், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இறுதியிற் சொன்ன எண்ணே தொகுதி முழுவதன் அளவு என்பது அதற்கு இன்னும் புலப்படவில்லை. சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே (1896–1980), குழந்தையின் எண் கருத்துப் பற்றி 1941 இல் வெளியான நூலில் இதனினும் ஆழ்ந்த உண்மையொன்றை விளக்கினார். ஒத்த தொகையான பொருள்களை இரு வரிசையாக வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினால், சிறு குழந்தை அதிலேயே மிகுதியான பொருள்கள் உள்ளன என்று கூறும். இடம் மாறினும் தொகை மாறாது என்னும் தெளிவு வருமுன் கூட்டல் வாய்பாட்டை மனனஞ் செய்வித்தல், அத்திவாரமின்றிச் சுவர் எழுப்புதலை ஒக்கும்.

இக்குறையை நீக்கும் வழியை ஐரோப்பிய கல்வியாளர் பலர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். எண் முதலிற் கண்ணுக்கும் கைக்கும் புலனாகும் பொருளாகவே அறிமுகமாதல் வேண்டும் எனப் பெஸ்தலோசி (1746–1827) வற்புறுத்தினார். அவர்வழி நின்ற ஜேர்மனியரான புரோபல் (1782–1852), எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரித்து மீண்டும் ஒன்றாகச் சேர்க்கத்தக்க மரக்கட்டையைக் குழந்தைகளின் கையிற் கொடுத்தார். 1907 இல் உரோமாபுரியிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மொன்ரிசோரி அம்மையார் (1870–1952) எண் கோல்களையும் மணிகளையும் அமைத்தார். அவர் வகுத்த கதிர்ப்பெட்டியிற் பூச்சியத்துக்குரிய அறை வெறுமையாகவே இருக்கும். 'ஒன்றுமில்லை' என்பதும் ஓர் எண் என்பதைக் குழந்தை கையாலேயே உணரும். 1939 இற் சென்னைக்கு வந்த அவ்வம்மையார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றினார்.

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என எண்ணுதல் தவறு. புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சோகி, சிரட்டை, ஈர்க்கு ஆகியன ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிற் பொருட்செலவின்றிக் கிடைப்பன. சிறு விதைகளை வாயிலும் மூக்கிலும் இடும் பருவத்தினருக்கு மட்டும் பெரிய பொருள்களைக் கொடுத்தல் வேண்டும்.

கூட்டல் என்பது இரு தொகுதிகளை ஒன்றாக்கல். ஐந்து விதைகளும் மூன்று விதைகளும் ஒருங்கு சேர்க்கப்படும்போது, குழந்தை முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்தே எண்ணும். அதனைத் தடுத்தல் ஆகாது. சின்னாட்களில் ஐந்தை அறிந்ததாகக் கொண்டு "ஆறு, ஏழு, எட்டு" எனத் தொடர்ந்தெண்ணும். இம்மாற்றமே கூட்டலின் முதற்படி. ஐந்து விதைகளை ஒரு சிரட்டையால் மூடிவிட்டு மூன்றை வெளியே வைத்தால், மூடியவற்றை எண்ண இயலாமையால் இப்படி விரைவில் வாய்க்கும். அடுத்துப் பத்தை நிரப்புதல்: எட்டோடு ஐந்தைக் கூட்டுங்கால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கினால் எஞ்சுவது மூன்று, ஆகவே பதின்மூன்று.

கழித்தலில் இடர் மிகுதி. அதற்குக் காரணம், ஒரே குறியீடு மூவகை நிகழ்ச்சிகளைக் குறித்தலாகும். ஒன்பது விதைகளில் நான்கைத் தோழிக்குக் கொடுத்தல் நீக்கல். அண்ணனிடம் ஒன்பதும் தம்பியிடம் நான்கும் இருப்ப, எத்தனை வேறுபாடு எனக் காணுதல் ஒப்பீடு. ஒன்பதின்மர் உண்ண நான்கு கிண்ணங்களே இருப்ப, இன்னும் எத்தனை வேண்டும் எனக் காணுதல் நிரப்பல். நீக்கலை மட்டும் கற்ற குழந்தையிடம் "அண்ணனிடம் எத்தனை கூட இருக்கிறது?" என வினவினால், 'கூட' என்னும் சொல்லைக் கேட்டதும் ஒன்பதையும் நான்கையும் கூட்டிப் பதின்மூன்று என்னும். இது சிந்தனைக் குறைவன்று. சொல் விளைத்த மயக்கம். இரு வரிசைகளையும் எதிரெதிராக வைத்து ஒன்றுக்கொன்று இணைத்தால், இணையின்றி எஞ்சும் ஐந்தும் தாமே விடை கூறும்.

கூட்டலும் கழித்தலும் ஒன்றன் இரு முகங்கள் என்பதை ஒரு விளையாட்டாற் காட்டலாம். ஏழு விதைகளை எண்ணச் செய்து, சிலவற்றைச் சிரட்டையால் மூடி, வெளியே நான்கு தோன்ற, "உள்ளே எத்தனை?" என வினவுக. குழந்தை விடை கூறியபின் தானே சிரட்டையைத் தூக்கிப் பார்க்கும். சரி பிழையை ஆசிரியரின் முகத்திலன்றிப் பொருளிலே காணும் இவ்வுரிமை அச்சத்தை நீக்கும் மருந்தாகும்.

ஈரிலக்க எண்களுக்கு ஈர்க்குக் கட்டுகள் சிறந்தவை. பத்து ஈர்க்குகள் ஒரு கட்டு. இங்கே தமிழின் எண்ணுப்பெயர்கள் பெருந்துணை புரிகின்றன. இருபது என்பது இரண்டு பத்து. ஐம்பத்திரண்டு என்பது ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். தொண்ணூறு மட்டும் நூறை நோக்கிப் பெயர் பெற்றமையால், ஒன்பது கட்டுகளைக் காட்டி அதனைத் தனியே விளக்கல் வேண்டும். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் மாணவர் பலர் 35 என எழுதுவர். இரண்டில் ஏழு போகாதாகையால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகின்றனர். சிவப்பு மையாற் கோடிடுவதால் இப்பிழை அகலாது. ஐந்து கட்டுகளையும் இரண்டு ஈர்க்குகளையும் கொடுத்து இருபத்தேழு எடுக்கச் சொன்னால், சிறிது தயங்கியபின் குழந்தை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அப்போது நான்கு கட்டும் பன்னிரண்டு தனி ஈர்க்குமாம். ஏழு போக ஐந்து; இரண்டு கட்டுப் போக இரண்டு; விடை 25. 'கடன் வாங்குதல்' என வகுப்பறையில் வழங்குவது உண்மையிற் கடனன்று, கட்டவிழ்த்தலே என்பது அப்போது விளங்கும்.

எனினும், பொருள் துணையேயன்றி முடிவன்று. முதலிற் பொருள், அடுத்துப் படம், இறுதியிற் குறியீடு என்னும் ஒழுங்கு வேண்டும். செயல், உருவம், குறியீடு என அறிவின் மூன்று நிலைகளை அமெரிக்க உளவியலறிஞர் புரூணர் 1966 இல் வெளியான நூலில் விளக்கியமையும் இதற்கு அரணாகும். பொருளைக் கையாளும்போதே அச்செயலைக் குழந்தை வாயாற் சொல்லவும் பின்னர் எழுதவும் வேண்டும். இன்றேல் ஈர்க்கு வேறு, ஏட்டுக் கணக்கு வேறு என அது கருதிவிடும். விடையை முன்னே நினைந்து கூறி, பொருளைப் பின்னே சரிபார்ப்பதற்கு மட்டும் நாடும் நிலை வந்ததும், பொருள் தானே விலகும். விரல்விட்டெண்ணும் குழந்தையைக் கண்டித்தலும் இது போன்றே முறையன்று. வேறு வழி கைவந்தபின் விரலை அது தானே விட்டுவிடும்.

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் ஏது என ஆசிரியர் வினவுதல் இயல்பு. ஆயின், முதலாண்டில் மிச்சப்படுத்தும் நேரம் பின்னைய ஆண்டுகளிற் பன்மடங்காகச் செலவாகும். அதனினும் பெரிய இழப்பு, தன்னால் இயலாது என ஒரு குழந்தை தன்னைக் குறித்துக் கொள்ளும் முடிவு. ஒருகாற் கொண்ட அம்முடிவை மாற்றுதல் அரிது. ஒரு பிடி விதையும் ஒரு கட்டு ஈர்க்கும் சிறிது பொறுமையும் அதனைத் தடுக்குமாயின், அவற்றை வகுப்பறையில் வைத்துப் போற்றுதல் ஆசிரியரின் கடனாகும்.