கடல்நீரால் குளிரும் தோட்டம்

உவர்நீர் பட்டால் பயிர் கருகும் என்பது கமக்காரர் எல்லோரும் அறிந்ததே. ஆயினும் சில பாலைவனக் கரைகளில் அதே கடல்நீரைத் துணையாகக் கொண்டு தக்காளியும் வெள்ளரியும் விளைவித்திருக்கிறார்கள். இது எவ்வாறு முடிகிறது என்று பார்ப்போம்.

பாலைவனத்தில் பயிரை வாட்டுவது மழையின்மை மட்டுமல்ல, வறண்ட காற்றுமாகும். நாம் ஊற்றும் நீரை வேர் உறிஞ்ச, இலை அதனை ஆவியாக வெளிவிடுகிறது. காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்குமளவுக்கு இந்த இழப்பும் கூடும். ஆகவே காற்றை முதலில் திருத்தவேண்டும் என்று எண்ணினார் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ளி பேற்றன். கனேரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபில் 1992ஆம் ஆண்டு தமது முதலாவது கடல்நீர்ப் பசுமைக்கூடத்தை அமைத்தார். 2000ஆம் ஆண்டில் அபுதாபியிலும், 2004ஆம் ஆண்டில் ஓமானிலும் இவ்வகைக் கூடங்கள் எழுந்தன.

மண்பானையில் நீர் குளிர்வதை நாம் அறிவோம். வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. இங்கும் அதேதான். காற்று வரும் பக்கத்தில், தேன்வதை போலக் கண்கள் உள்ள கடதாசி மட்டைகளை அடுக்கிச் சுவராக நிறுத்துகிறார்கள். மேலிருந்து கடல்நீர் மெல்ல வழியும். சூடான காற்று அக்கண்களூடாகப் புகுந்து, குளிர்ந்து, ஈரமாகிப் பயிரைச் சேரும். நீர் ஆவியாகும், உப்பு பின்தங்கிவிடும். கடதாசி ஊறி இற்றுப்போகாதா என்று நாமும் ஐயுற்றோம். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து அது இறுகிவிடுகிறதாம்!

முதற் கூடங்களில் இந்த ஈரக்காற்று பின்புறத்தில் குளிர்ந்த குழாய்களில் பட்டு, நன்னீராகச் சொட்டியது. அந்நீரே பயிருக்குப் பாய்ந்தது.

அவுஸ்திரேலியாவின் போர்ட் ஒகஸ்ராவில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பண்ணை வேறு வழியிற் சென்றது. 23,000க்கு மேற்பட்ட கண்ணாடிகள் வெயிலை ஓர் உயர்ந்த கோபுரத்தின்மீது குவிக்க, அந்த வெப்பத்தால் கடல்நீரை நன்னீராக்கி, மண்ணில்லாமல் தென்னந்தும்பில் தக்காளி வளர்த்தார்கள். பெருமுதலாளிகளுக்கே கட்டுபடியாகும் காரியம் அது. வெறுங்கையுடன் வந்த குடும்பத்துக்கு அதனாற் பயனில்லை.

நமக்கு அக்கறை தருவது சோமாலிலாந்து. 2016-17 வறட்சியில் அங்கே கால்நடைகள் பெருந்தொகையாக மடிய, மேய்ச்சற் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. அந்நாட்டின் பெர்பெரா கரையோரத்தில் 2017ஆம் ஆண்டு, பேற்றனின் நிறுவனமும் அஸ்ரன் பல்கலைக்கழகமும் சேர்ந்து எளிய மாதிரியொன்றை நிறுவின. கண்ணாடிக் கூரை இல்லை, நிழல்வலைதான். காற்றை இழுக்கும் விசிறி இல்லை, வீசும் காற்றுக்கு எதிரே சுவரை நிறுத்தினார்கள். பயிருக்கான நன்னீரை மட்டும் சூரிய மின்சாரத்தால் பிரித்தெடுத்தார்கள். குளிர்ந்த நிழலில் பயிருக்கு நீர் குறைவாகவே தேவைப்படுவதால் சிறிய இயந்திரமே போதுமாயிற்று.

இதனை எங்கும் செய்யலாமென்று எவரும் எண்ணிவிடக்கூடாது. காற்றிலேயே ஈரம் மிகுந்த கரையோரங்களில் மட்டைச்சுவர் அதிகம் குளிர்விக்காது. கடலிலிருந்து தூரம் கூடக்கூட நீரிறைக்கும் செலவும் ஏறும். வழிந்து எஞ்சும் நீர் கடல்நீரிலும் உவரானது. அதை நிலத்தில் விட்டால் மண்ணும் அயற்கிணறும் கெடும். பெர்பெராவில் அதனைப் பாத்திகளில் காயவிட்டு உப்பு எடுப்பதும் திட்டத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது.