கல்பனா எங்கே? ஒரு புகார் மனு சொல்லும் பாடம்



நம்ம வலங்கைமான் மாரியம்மன் கோவிலில் பங்குனி மாசம் பாடைக்காவடி எடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாகக் கிடந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்க வைத்து, கொள்ளிச்சட்டியோடு தூக்கி வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். செத்தவருக்குக் காரியம் உண்டு. பிழைத்தவருக்குக் காவடி உண்டு. ஆனால் காணாமல் போன பெண்ணுக்கு? அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அப்படி ஒரு குடும்பத்தின் கதையை இந்த மாதம் சொல்கிறோம். அயல்நாட்டில் நடந்தது. ஆனால் பாடம் நமக்கும் உண்டு.

யார் இந்தக் கல்பனா?

வங்கதேசத்தில் சிட்டகாங் மலைப்பகுதி என்று ஒன்று உள்ளது. நம் மாநிலத்தில் இருளர், குறும்பர் இருப்பது போல அங்கே சக்மா முதலான பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் கர்ணபுலி ஆற்றில் காப்தாய் அணை கட்டியபோது சுமார் ஒரு லட்சம் பேர் வீடு, வயலை இழந்தார்கள். அந்தப் பகுதியின் நல்ல உழவு நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணீருக்குள் போனது. நெல் விளையும் மண்ணின் அருமை தெரிந்த நமக்கு அந்த வலி புரியும். பிறகு வெளியாட்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். சண்டை வந்தது, ராணுவ முகாம்கள் வந்தன.

கல்பனா சக்மா அந்த மண்ணின் பெண். மலைப்பகுதிப் பெண்கள் கூட்டமைப்பின் அமைப்புச் செயலாளர். வயது 23 இருக்கும். ஊர் ஊராகப் போய் பெண்களைக் கூட்டம் சேர்த்து, நிலத்துக்காகவும் பெண்களின் பாதுகாப்புக்காகவும் பேசியவர். நம் ஊக்குநர்கள் நடையாய் நடக்கிறார்களே, அதுபோல.

1996 ஜூன் 12 அன்று அந்த நாட்டில் பொதுத் தேர்தல். அன்று விடிவதற்கு முன்னால், பாகாய்ச்சாரி பகுதியில் உள்ள கல்பனாவின் வீட்டுக்கு ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்தார்கள். கல்பனாவையும் அண்ணன்மார் இருவரையும் இழுத்துப் போனார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே அண்ணன்மார் தப்பி ஓடினார்கள். "அண்ணா" என்று தங்கை கதறியது காதில் விழுந்தது என்கிறார்கள். அதற்குப் பிறகு கல்பனாவை யாரும் பார்க்கவில்லை.

புகார் என்ன ஆனது?

வந்தவர்களில் பக்கத்து முகாமின் ராணுவ அதிகாரி ஒருவரையும், ஊர்க்காவல் படையினர் இருவரையும் அடையாளம் தெரிந்தது என்று அண்ணன்மார் சொன்னார்கள். ராணுவத் தரப்பு மறுத்தது. "காதல் விவகாரம், அவரே போய்விட்டார்" என்றும் பேச்சு கிளம்பியது. அன்றைக்கே அண்ணன் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார். ஆனால் தான் சொன்ன அதிகாரியின் பெயரும், துப்பாக்கி சுட்டதும் முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படவில்லை என்பது அவர் கடைசி வரை சொன்ன குறை.

அதே மாதம் நீதி கேட்டு நடந்த போராட்டத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் அறிக்கை வெளியிடப்படவில்லை. 2010-இல் போலீஸ் இறுதி அறிக்கை கொடுத்தது. அண்ணன் ஆட்சேபித்தார். மறு விசாரணை நடந்தது. 2016-இல் மறுபடி இறுதி அறிக்கை. மறுபடி ஆட்சேபம். 39 விசாரணை அதிகாரிகள் மாறினார்கள். 2024 ஏப்ரல் 23 அன்று ரங்கமாட்டி நீதிமன்றம் அவருடைய ஆட்சேப மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒவ்வொரு ஜூன் 12-லும் அங்குள்ள பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கல்பனா எங்கே?

நமக்கு என்ன பாடம்?

நம் பகுதியிலிருந்தும் பெண் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று மில் வேலைக்குப் போகிறார்கள். நாலு நாள் போன் வரவில்லை என்றால் வீட்டில் என்ன பேச்சு? "வெளியே சொல்லாதீங்க, மானம் போயிடும்" என்கிறோம். "எவன் கூடவோ போயிருப்பா" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அந்த நாலு நாள்தான் மிக முக்கியமான நாள். அன்று எழுதாமல் விட்டதைப் பிறகு எழுத வைக்க எத்தனை வருஷம் போராட வேண்டும் என்பதற்குக் கல்பனாவின் அண்ணனே சாட்சி.

எனவே ஒரு பெண்ணோ பிள்ளையோ காணவில்லை என்றால்:

1. காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரம் பொறுக்கணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

2. போட்டோ, போன் நம்பர், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடுத்தியிருந்த துணி, சந்தேகப்படும் ஆள் பெயர் எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள்.

3. வாயால் சொன்னால் போலீசார் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டாமல் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். சொன்னது விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். மனு ரசீதையும், முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். நகலுக்குப் பணம் கிடையாது.

4. சம்பவம் திருப்பூரில் நடந்திருந்தாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம். இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது தெளிவாக உள்ளது.

5. காணாமல் போனது 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும். இது 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

6. வழக்குப் பதிய மறுத்தால் திருவாரூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம். யாராவது அடைத்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். போன் 15100.

18 வயது நிரம்பிய பெண் தன் விருப்பப்படி போயிருந்தால் அது அவள் உரிமை. அவளை இழுத்து வருவது நம் வேலை இல்லை. ஆனால் நல்லபடியாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் புகார்தான் வழி.

குழு என்ன செய்யலாம்?

தாயைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் கூடப் போங்கள். போன தேதி, பேசிய அதிகாரி, சொன்ன பதில் எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கம்பெனி முகவரி, ஏஜெண்ட் பெயர், போன் நம்பர் ஆகியவற்றை இந்த மாதக் கூட்டத்திலேயே குறித்து வையுங்கள்.

கையெழுத்துப் போடக் குழுவில்தான் கற்றுக்கொண்டோம். எதில் போடுகிறோம் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுவோம். நம் பிள்ளைகளில் ஒருத்தியைக்கூட "எங்கே?" என்று வருஷக்கணக்காகக் கேட்கும் நிலை வேண்டாம்.