மடிக்கணினி எத்தனை ஆண்டு விளையாடும்?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, தகப்பனார் கேட்பது, "படிப்புக்குப் போதுமா?" என்பது. பிள்ளை வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் கேட்பது, "விளையாட்டுக்குப் போதுமா?" என்பது. இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. ஊரைவிட்டு வந்து, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவருக்கு எண்பதினாயிரம் ரூபாய் சிறு தொகையன்று. தவணை கட்டி முடிப்பதற்குள் யந்திரம் பழசாகிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. ஆகவே, நடுத்தர விலையில் வாங்கும் மடிக்கணினி விளையாட்டுக்கு எத்தனை ஆண்டு உதவும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

என் கணிப்பை முதலிலேயே கூறிவிடுகிறேன். புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டுகளை நல்ல தோற்றத்துடன் ஆட 3 ஆண்டு. படத்தின் நயத்தைக் குறைத்துக்கொண்டு ஆட 5 அல்லது 6 ஆண்டு. இணையப் போட்டி விளையாட்டுகளுக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் 8 ஆண்டு வரை.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. யந்திரம் தேய்வதனால் மட்டும் இந்த ஆயுள் குறைவதில்லை. அதனிடம் நாம் கேட்கும் வேலை வளர்வதனாலேயே குறைகிறது. கணினிக்கு இது புதிதன்று. இந்நகரின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணினி வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1958-இல், சோவியத் நாட்டின் யூரால் கணினியும் அங்கே வந்து சேர்ந்தது.

விளையாட்டுகள் எந்த வேகத்தில் வளர்கின்றன? பெரிய நிறுவனங்கள் தம் விளையாட்டுகளைப் பெரும்பாலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டிகளை அளவுகோலாக வைத்தே அமைக்கின்றன. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் இருந்த நினைவகம் 8 ஜி.பி.; 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜி.பி. இரண்டுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளின் நடுப்பகுதியில் மடிக்கணினி வாங்கியவர்கள் நிம்மதியாக ஆடினார்கள். இறுதியில் வாங்கியவர்களுக்கு, புதிய பெட்டிக்கென்றே விளையாட்டுகள் வரத் தொடங்கியதும் நெருக்கடி வந்தது. எனவே, வாங்கிய தேதியைவிட, அது எந்தத் தலைமுறையின் எந்தக் கட்டத்தில் வாங்கப்பட்டது என்பதே முக்கியம்.

2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் கிராபிக்ஸ் சில்லை எடுத்துக்கொள்வோம். நடுத்தர மடிக்கணினிகளில் மிகவும் பரவியது அது. அதற்கென இருந்த தனி நினைவகம் 4 ஜி.பி. கவுண்டர்-ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டிகளையும், 2015-இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5-ஐயும் இன்றைக்கும் தாராளமாக ஓட்டுகிறது. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு அதில் தொடங்கவே மறுக்கிறது. ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிடும் தனிப்பகுதி சில்லுக்குள் இருக்க வேண்டும் என்பது அவ்விளையாட்டின் நிபந்தனை. மெதுவாக ஓடுவது வேறு, ஓடாமலே இருப்பது வேறு அல்லவா?

அதற்கும் முந்திய 2017-இன் ஜி.டி.எக்ஸ். 1050 மடிக்கணினிகளுக்கு வேறு வகையில் முடிவு வந்தது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அந்த மடிக்கணினிகள் பலவற்றிலிருந்த ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிக்கு விண்டோஸ் 11-இல் இடமில்லை. அதே மாதத்தோடு என்விடியா நிறுவனமும் அந்தச் சில்லு வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற மென்பொருள் வழங்குவதை முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். (இவற்றை 'இற்றைப்படுத்தல்' என்று மொழிபெயர்த்து எழுதுவது என் தொழில், வீட்டில் நானும் 'அப்டேட்' என்றுதான் சொல்கிறேன்.)

அப்படிப்பட்ட முதிய யந்திரத்துக்கும் வேலை உண்டு. 2023-இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டு, 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்கான பிரிவில் அது பெற்றது. எளிய கணினியிலும் ஓடும். பிறமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் அருகிலிருந்து பார்க்கத்தக்கது.

வாங்கும்போது செயலியின் பெயரைவிட இரண்டு விஷயங்களை விசாரிப்பது நலம். ஒன்று, கிராபிக்ஸ் சில்லின் தனி நினைவகம். 2023-இன் ஆர்.டி.எக்ஸ். 4050-இல் அது 6 ஜி.பி.; 4060-இல் 8 ஜி.பி. இயன்றால் எட்டுக்குக் குறையாமல் வாங்குக. ராம் நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி.யையும் பெரும்பாலான யந்திரங்களில் பின்னர் சாந்தினி சவுக் கடைகளில் கூட்டிக்கொள்ளலாம்; கிராபிக்ஸ் சில்லோ பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்ற இயலாது. மற்றொன்று, அச்சில்லுக்கு அளிக்கப்படும் மின்சாரம். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை உண்டு. மெலிந்த அழகிய யந்திரத்தில் பெரும்பாலும் குறைந்த வாட்தான் இருக்கும். கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்.

இனி, வங்காளத்துக் கோடை. செயலி சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைகாசிப் புழுக்கத்தில், மெத்தைமேல் வைத்து ஆடினால் இந்நிலை விரைவில் வரும். குளிர்காலத்துத் தூசியோ விசிறியில் பஞ்சுபோல் அடைகிறது. "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று பிள்ளை சொல்லும் யந்திரங்களில் பல, தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் புதிதாய்ப் பூசியதும் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. ஆண்டுக்கொருமுறை விசிறியையும், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பேஸ்டையும் கவனித்தால் போதும். ஆடும்போது மின் இணைப்பில் வைத்திருப்பதும், தயாரிப்பாளரின் மென்பொருளில் வசதி இருந்தால் மின்னேற்றத்தை 80 சதவீதத்தோடு நிறுத்துவதும் பேட்டரிக்கு நல்லது. அடிப்பாகம் உப்பித் தொடுபலகை மேலெழும்பினால், பேட்டரி வீங்கிவிட்டது என்று அறிக. அன்றே அணைத்து, அழுத்தாமல் எடுத்துச் சென்று மாற்ற வேண்டும்.