வளவு விற்கும் எண்ணம் உண்டோ?

அந்தி மயங்கி விளக்கேற்றும் வேளையிலே தொலைபேசி ஒலித்தால், கடல் கடந்திருக்கும் உறவினரின் குரலை எதிர்பார்த்து முன்னெல்லாம் ஓடிச்சென்று எடுப்போம். இப்பொழுதோ கை தயங்குகின்றது. “மாஸ்டரே கதைக்கிறது? வளவு விக்கிற எண்ணம் ஏதும் இருக்கோ?” என்று முன்பின் அறியாத குரலொன்று கேட்கின்றது. இல்லை என்கின்றோம். “விலையைப் பற்றி யோசியாதேங்கோ, கொழும்பிலை ஆள் இருக்கு” என்கின்றது அக்குரல். அடுத்த கிழமை வேறொரு குரல், கேள்வி அதுவே.

யாழ்ப்பாணத்திலே நாம் குடியிருக்கும் வளவு நான்கு பரப்பு. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்னும் கணக்கிலே காலேக்கர். அம்மாவின் சீதனக் காணி. தமது சீவிய உரித்தை நிறுத்திக்கொண்டு எமக்கும் எம் தம்பிக்கும் பொதுவாக நன்கொடையுறுதி எழுதிவைத்தார். தம்பி இலண்டனிலே இருக்கின்றான். இவ்வளவும் அந்தத் தரகருக்கு எவ்வாறு தெரிந்ததோ அறியோம். ஒருநாள் அவர், “உங்கடை தம்பியார் ஓமெண்டிட்டார், நீங்கள்தான் மிச்சம்” என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம்மிடம் ஒரு வார்த்தை கேளாது விலை பேசினானோ? கேட்டுவிடலாம், ஆயினும் கேட்க மானம் இடங்கொடுக்கவில்லை. பதினைந்து நாட்கள் அவனுடன் பேசாதிருந்தோம். அம்மா, “தம்பி எடுத்தவனோ?” என்று கேட்கும்போதெல்லாம் வேறு கதை சொல்லித் தப்பினோம். இறுதியில் அவனே அழைத்தான்: “அண்ணை, எனக்குச் சொல்லாமல் வளவை விலை பேசினீங்களோ?” நாம் சம்மதித்துவிட்டதாக அதே மனிதர் அவனுக்கும் சொல்லியிருந்தார். இருவரும் சிரித்தோம் என்பது உண்மை. சிரிப்பதற்குச் சற்று நேரம் எடுத்தது என்பதும் உண்மையே.

ஒரு பங்காளி மற்றவரை அறியாமல் விற்றுவிடுதல் அத்துணை எளிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட தேசவழமை, விற்க விரும்புபவர் உரியோருக்கு முதலில் அறிவிக்க வேண்டுமென்று வைத்திருக்கின்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அம்முன்னுரிமையைப் பங்காளிகளுக்கும், விற்பவர் இறந்தால் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் என வரையறுத்தது. வாய்ச் சம்மதத்தால் வீடு கைமாறுவதும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிட்டு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. இவற்றை அறிந்திருந்தும் நாம் உறக்கமிழந்தோம் என்பதுதான் வேடிக்கை.

மறுமொழி சொல்வதிலே எமது மரியாதையே எமக்குப் பகையாகின்றது. வந்தவரை முகத்திலடித்தாற்போல் அனுப்ப மனம் வராமல், “இப்போதைக்கு இல்லை” என்கின்றோம். “பிறகு பார்ப்பம்” என்கின்றோம். நம் செவிக்கு அது மறுப்பு. தரகரின் செவிக்கோ அது தவணை. தைப்பொங்கலுக்குச் சொன்னால் சித்திரையிலே மீண்டும் அழைப்பார். சும்மா அறிந்துகொள்வோமே என்று “என்ன விலை போகுது?” என்று கேட்டுவிட்டால், நாம் விலை கேட்டோமென்று சந்தியெங்கும் பரவிவிடும். இப்பொழுது நாம், “விற்பதில்லை, இனி அழைக்க வேண்டாம்” என்னும் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டு, அந்த இலக்கத்தைத் தடுத்துவிடுகின்றோம்.

உறுதியின் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், சோலைவரித் துண்டு முதலியவற்றை மட்டும் முகமறியாதவருக்குச் சொல்லவோ, படம் பிடித்து அனுப்பவோ வேண்டாம். கள்ள உறுதி முடிக்க எண்ணுபவருக்கு வேண்டியவை அவைதாம். தனியே இருக்கும் முதியோருக்கு இதனை இருமுறை சொல்லிவைத்தல் நன்று. தரகர் எல்லாரும் தீயோர் அல்லர். எம் அயலவர் ஒருவர் மகளின் கலியாணத்துக்குக் காணி விற்றபோது, நேர்மையான தரகர் ஒருவரே கைகொடுத்தார். அவரை அயலவர்தாம் தேடிச் சென்றார்.

சென்ற மாதம் நாம் இல்லாத வேளையில் அம்மா தொலைபேசியை எடுத்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று பதற்றத்துடன் வினவினோம்.

“கிணத்தடி மாமரம் உன்ரை அப்பா வைச்சது, அவரைக் கேட்டுத்தான் சொல்லலாம் எண்டனான். எப்ப வருவார் எண்டு கேட்டவன். அவர் மோசம்போய் இருபது வரியம் எண்டன். வைச்சிட்டான்.”

அந்த இலக்கத்திலிருந்து பின்னர் அழைப்பு வரவில்லை.