விடுதலைப் பத்திரம் எழுதினால் விவாகரத்து ஆகுமா?

பெரியவர்கள் கூடிப் பேசி, 'இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரவர் மறுமணம் செய்துகொள்ளலாம்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. நோட்டரி முத்திரை விழுந்தாலும், சார்பதிவாளரிடம் பதிவானாலும், அந்தத் தாளால் திருமணம் முறியாது.

இந்து திருமணச் சட்டம், 1955-ன்படி விவாகரத்து வழங்குவது நீதிமன்றமே. சமூக வழக்கப்படியான மணமுறிவைப் பிரிவு 29(2) ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு நிலவுகிறது என்பதை ஆதாரத்தோடு மெய்ப்பிக்க வேண்டும். 'எங்கள் பக்கம் இப்படித்தான்' என்றால் எடுபடாது.

என்ன ஆபத்து?

பத்திரத்தை நம்பிச் செய்யும் மறுமணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82-ன்கீழ் 7 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று மனைவி எழுதிக் கொடுத்திருந்தாலும், அது பொதுக் கொள்கைக்கு முரண் என்று நீதிமன்றங்கள் தள்ளியிருக்கின்றன. அதைவிடக் கவனிக்க வேண்டியது 'பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்' என்ற வரி. அப்படிப் பிரிந்து வாழும் மனைவி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144-ன்கீழ் மாதாந்திர ஜீவனாம்சம் கோர முடியாது. அடித்து விரட்டப்பட்ட பெண் இதில் கையெழுத்திட்டால், அவர் கையெழுத்தே அவருக்கு எதிரான ஆவணமாகும்.

குழந்தை யாரிடம் வளர்வது என்பதிலும் பெற்றோர் எழுதிக்கொண்டது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. குழந்தையின் நலனே முதன்மை.

சரியான வழி

ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த தம்பதி, பேசி முடித்த நிபந்தனைகளோடு இந்து திருமணச் சட்டப் பிரிவு 13பி-ன்கீழ் குடும்ப நல நீதிமன்றத்தில் கூட்டு மனு தரலாம். 6 மாதத்துக்குப் பின், 18 மாதத்துக்குள் இருவரும் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த 6 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பேசிய தொகையின் கடைசித் தவணையைத் தீர்ப்பு நாளில் தருவதாக வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

விவாகரத்து வேண்டாம், சேர்ந்து வாழவும் இயலாது என்போர், உரிய காரணம் இருந்தால் அதே சட்டத்தின் பிரிவு 10-ன்கீழ் நீதிமன்றப் பிரிவு கோரலாம்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? பத்திரத்தைக் கிழிக்க வேண்டாம். எந்த நாளிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அது சான்றாகலாம். மறுமணப் பேச்சைத் தள்ளிவைத்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். சட்ட உதவிக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181.